சிவப்புக் கோட்டைத் துடைத்த வழக்கு

வீட்டில் என்னை ரைட்டர் என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்து மூன்று. சித்தப்பா வீட்டின் பின்னறையில், துணி துவைக்கும் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்ட கட்டிலில் ஆறு வருடமாக இருக்கிறேன். கதை, கவிதை எதுவும் எழுதியவன் இல்லை. வீட்டில் யாருக்கு என்ன லெட்டர் வேண்டுமென்றாலும் அவர்கள் சொல்லச் சொல்ல நான் மைக்கில் பேசுவேன், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். போலீஸ் ஸ்டேஷனில் மற்றவர்கள் சொல்வதை எழுதி வைப்பவரை ரைட்டர் என்பார்களே, அந்த வகையில் கிடைத்த பட்டம். சித்தியின் மருத்துவ விடுப்பு, சித்தப்பாவின் முதுகுவலி, மாடி வீட்டு நாயைப் பற்றிய மூன்று புகார்கள் எல்லாம் என் வாய் வழியாகப் போனவைதான்.

"இவனுக்குக் கை எதுக்கு? சாப்பிட மட்டும்தான்" என்பாள் சித்தி.

இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு, தன் அம்மாவுக்காக ஒரு விண்ணப்பம் எழுத முடியவில்லை. அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். கடைசியாக நேரில் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. அவளை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் குடும்ப இணைப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே இரண்டாம் மாடிக் கூடத்தில் பதினோரு கம்ப்யூட்டர்கள். விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து, அந்த பிரவுசரில்தான் எழுத வேண்டும். கையால் அடிக்கலாம், மைக்கில் பேசலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினோரு பேர் தங்கள் குடும்ப விஷயங்களை முணுமுணுப்பதைக் கேட்டால், ஏதோ பூஜை நடக்கிறது என்று புதியவர்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

கூடத்துச் சுவரில் இரண்டு விதிகள் தொங்கின. முதலாவது: 'உங்கள் தாய்மொழியிலேயே எழுதலாம், வரவேற்கிறோம்.' இரண்டாவது: 'திரையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது.' முதல் விதி போன வருடம் ஓர் அமைச்சர் வந்து திரை விலக்கித் திறந்தது. இரண்டாவது, யாரோ ஓர் அதிகாரி ஓய்வு பெற்ற நாளில் போட்டுவிட்டுப் போனது. இரண்டும் ஒரே ஆணியில் தொங்கின.

கோடு பார்ப்பதற்கென்று ஓர் ஆய்வாளர் இருந்தார். கையில் அடிக்கோல், சட்டைப் பையில் அமுக்கினால் எண்ணிக்கை கூடும் சின்னக் கருவி. விண்ணப்பத்தை பிரிண்ட் எடுப்பதற்கு முன் அவர் வந்து திரையில் அடிக்கோலை வைத்து வரி வரியாக எண்ணுவார். என் திரைக்கு முதல் தடவை வந்தவர் பத்து நிமிடம் டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"மொத்தம் முன்னூத்திப் பதினாறு" என்றார். "சின்ன வயசுல இவ்வளவு தப்பு பண்ணியிருக்கீங்களே தம்பி."

"சார், அது தப்பு இல்ல. தமிழ்."

"இருக்கலாம். நான் பாக்குறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"இந்த பிரவுசர்ல ஸ்பெல் செக் உங்க மொழிக்கு மட்டும்தான் போட்டிருக்கு சார். தமிழச் சேத்துட்டா கோடு வராது. செட்டிங்ஸ்ல மொழிகள்னு ஒரு எடம் இருக்கும்..."

அவர் அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"அந்த வார்த்தையெல்லாம் இந்த மாடில பேசக் கூடாது. அதுக்கு மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில் அமைப்புகள் பிரிவு, செட்டிங்ஸ் பார்க்கும் இடம். ஒரே ஓர் அதிகாரி. மேசை பெரிது, அதன்மேல் கம்ப்யூட்டர் இல்லை. "இருந்தா கை சும்மா இருக்காது" என்று அவரே விளக்கினார். பிறகு நான் கேட்காமலேயே தன் பணியைப் பற்றியும் சொன்னார்.

"பத்தொம்பது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். ஒரு செட்டிங் கூட மாத்தினது கெடையாது. மாத்தச் சொல்லி ரெண்டாயிரம் மனு வந்திருக்கு. எதையாச்சும் மாத்தியிருந்தா, மாத்தினது சரியில்லன்னு ஒரு புகாராவது வந்திருக்கும் இல்லையா? வரல. ஏன் வரல? மாத்தல. இதுக்குப் பேருதான் நிர்வாகம்."

"எனக்கு எங்கம்மா வரணும் சார்."

"தாராளமா வரட்டும். ஒரு மனு குடுங்க. ரெண்டாவது மாடில உக்காந்து அடிக்கணும்."

"அதுலயும் கோடு வந்தா?"

"வந்தா எடுத்துக்க மாட்டோம்."

"கோடு வரக் கூடாதுன்னுதானே சார் அந்த மனுவே."

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "உங்க கஷ்டம் புரியுது. அதையும் மனுல எழுதுங்க."

அந்த மனுவை அவர்கள் மொழியிலேயே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி யோசித்து யோசித்து எழுதினேன். ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் மட்டும் கோடு விழுந்தது. தமிழ் என்ற சொல். அப்படி ஒன்று அந்த அகராதியில் இல்லையாம். "அத எடுத்துட்டா மனு சுத்தம்" என்றார் ஆய்வாளர், நல்ல மனதோடுதான். எடுத்தேன். 'அந்த மொழியைப் பட்டியலில் சேர்க்கவும்' என்று மனு போனது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது: 'தாங்கள் கோரிய மொழி ஏற்கெனவே பட்டியலில் உள்ளது.' எந்த மொழி என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நான்காவது தடவை போன அன்று ஏழாம் எண் கம்ப்யூட்டர் கிடைத்தது. காலையில் சாப்பிடாமல் போனதால் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே விண்ணப்பத்தைப் பேசி முடித்தேன். வழக்கம்போல எல்லாம் சிவப்பு. சும்மா ஓர் ஆத்திரத்தில் மேலே மூலையில் இருந்த மூன்று புள்ளிகளை அமுக்கினேன். செட்டிங்ஸ் என்று இருந்தது. அமுக்கினேன். திறந்தது.

பூட்டு இல்லை, கடவுச்சொல் இல்லை. பத்தொன்பது வருடமாக ஒருவர் நாற்காலி போட்டுக் காவல் காத்த கதவு, தாழ்ப்பாள்கூட இல்லாமல் கிடந்தது. மொழிகள் என்ற இடத்துக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, ஸ்பெல் செக்கில் அதற்கு நேராக டிக் போட்டேன். அவசரத்தில் கை தவறிப் பக்கத்திலிருந்த அவர்கள் மொழியின் டிக் போய்விட்டது. திரும்பப் போட இன்னொரு க்ளிக் போதும். ஆய்வாளரின் ஷூ சத்தம் கேட்டது. நான் அந்த க்ளிக்கைச் செய்யாமல் பக்கத்தை மூடிவிட்டேன்.

ஆய்வாளர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அடிக்கோல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இறங்கியது, எண்ணும் கருவி ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை.

"இவ்வளவு வருஷத்துல இப்படி ஒரு தமிழ நான் பாத்ததே இல்ல" என்றார்.

முத்திரை விழுந்தது. என்னைப் போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கீழே 'மாதிரி விண்ணப்பதாரர்: முயன்றால் பிழையின்றி வாழலாம்' என்று எழுதியிருந்தது. மூன்றாவது வாரம் அம்மாவுக்கு அனுமதி வந்தது. ஏழு வாரம் கழித்து அவள் வரும் தேதி. சித்தி அழுதாள். சித்தப்பா முதுகுவலியை மறந்து, அடுத்த தெரு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குள் ஏழாம் எண்ணின் பெருமை பரவிவிட்டது. 'ஏழுல உக்காந்தா கோடு விழாதாம்' என்று நம் ஆட்கள் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் வரிசை கட்டினார்கள். சிலர் உட்காருவதற்கு முன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அலுவலகம் ஏழுக்கு மட்டும் தனி டோக்கன் போட்டது. என் போட்டோவுக்கு அடியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நாலு பேர் மற்ற கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து மறுபடியும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்துகொண்டேன்.

சுத்தமான விண்ணப்பங்கள் இரட்டிப்பானதைக் கொண்டாட இயக்குநர் ஒரு விழா வைத்தார். ஊழியர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, புகழ்பெற்ற அந்த ஏழாம் எண்ணில் உட்கார்ந்து, பிழையற்ற மொழியின் அவசியம் குறித்து ஒரு சுற்றறிக்கையைத் தன் கையாலேயே அடித்தார். மாதிரி விண்ணப்பதாரர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டாவதுக்கும் விழுந்தது. இயக்குநர் வேகமாக அடித்தார், கோடுகளும் வேகமாக வந்தன. முழுச் சுற்றறிக்கையும் சிவந்துபோனது. பின்னாலிருந்து டிக், டிக் என்று கேட்டது. ஆய்வாளர் வெளிறிப்போய் நின்றுகொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துய்யா!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்... இருநூத்திப் பன்னெண்டு."

இயக்குநர் எழுந்தார். "இது என்னோட மொழி. எங்கப்பா பேசின மொழி. இதுல நான் எழுதினா எப்படித் தப்பாகும்?"

அந்தக் கேள்வியை அந்தக் கூடத்தில் பல மாதங்களாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்றாவது மாடி அதிகாரிதான் தலைவர். ஏழாம் எண்ணைத் துணி போட்டு மூடி அரக்கு முத்திரை வைத்தார்கள். என்னைச் சாட்சியாக உட்கார வைத்தார்கள்.

"முதல் கேள்வி, கம்ப்யூட்டர யார் தொட்டாங்க?" என்றார் தலைவர்.

"தினமும் நூறு பேர் தொடுறாங்க சார்" என்றார் ஆய்வாளர்.

"அவங்க தொடல. பயன்படுத்துறாங்க. தொடுறாங்கன்னு பதிவேட்டுல யார் கையெழுத்து இருக்கு?"

பதிவேட்டைப் புரட்டினார்கள். 'கம்ப்யூட்டர்கள் துடைக்கப்பட்டன' என்று தினமும் ஒரே ஒரு கையெழுத்து. கூடத்தைச் சுத்தம் செய்யும் அக்காவுடையது. நம் மொழிக்காரர்தான். நான் திருப்பி அனுப்பப்பட்ட மூன்று தடவையும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, "உக்காரு தம்பி, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்று தண்ணீர் கொடுத்தவர்.

அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் துடைக்கும் நீல மருந்து பாட்டிலை மேசை நடுவில் வைத்தார்கள். தலைவர் அதை மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இந்தப் பொம்பள ஏழாம் நம்பர்ல இருந்த சிவப்புக் கோட்டையெல்லாம் துடைச்சிருக்காங்க. அதனாலதான் விண்ணப்பதாரர்களுக்குக் கோடு வரல. ஆனா கோடு அழியாது, இடம் மாறும். சேந்து சேந்து கடைசில இயக்குநர் சுற்றறிக்கைல வந்து இறங்கியிருக்கு."

"இந்த மருந்து கறைக்குத்தான் சார்" என்றார் அக்கா. "டப்பாலயே போட்டிருக்கு."

சோதனை நடந்தது. மற்றப் பத்து கம்ப்யூட்டர்களிலும் சிவப்புக் கோடு வரவழைத்து அந்த மருந்தை அடித்துத் துடைத்தார்கள். ஒரு கோடும் அழியவில்லை. நான் பெருமூச்சு விட்டேன். குழு பத்து நிமிடம் கலந்து பேசிவிட்டு முடிவைச் சொன்னது: உண்மையான பாட்டிலை அவர் ஒளித்து வைத்திருக்கிறார்.

"நீங்க மாதிரி விண்ணப்பதாரர்" என்று என்னைப் பார்த்தார் தலைவர். "சந்தேகப்படுற மாதிரி எதையாச்சும் பாத்தீங்களா?"

அம்மா வர அப்போது ஐந்து வாரம் இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

அன்று மாலை நாலு மணிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். நழுவிப் போகப் பார்த்தேன், கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, வேலைலேர்ந்து நிறுத்திட்டாங்க. முப்பது நாளைக்குள்ள குழு என்னக் குத்தமில்லன்னு சொல்லணும், இல்லாட்டி வேல போச்சு. வேல போனா இந்த நாட்ட விட்டும் போகணுமாம். பொண்ணுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை."

"நீங்க ஒண்ணும் பண்ணலயேக்கா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதான் எனக்கே சந்தேகமா இருக்கு. ஒரு நாள் ஏழாவதுல யாரோ பிஸ்கட் தூளக் கொட்டி வெச்சிருந்தாங்க. கீபோர்டு சந்துக்குள்ளெல்லாம் போயிருந்துச்சு. நல்லா அழுத்தி அழுத்தித் தொடச்சேன். அதுல எதாச்சும் மாறியிருக்குமோ?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"நீதான் வாயால எழுதுவியாமே. எனக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் பேசிக் குடேன். தெரியாம அழுத்திட்டேன், இனிமே மெதுவாத் தொடைக்கிறேன்னு."

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி என் போனில் அதைப் பேசினேன். நான் செய்த காரியத்துக்கு அவர் பெயரில், என் குரலில், மன்னிப்பு. என் போனில் தமிழ் எப்போதோ போட்டு வைத்தாயிற்று. ஒரு கோடும் விழவில்லை. "எவ்வளவு அழகா வந்திருக்கு" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாயிலயே பொழப்ப நடத்துறவனே, இத மட்டும் வாய்க்குள்ளயே வெச்சுக்கோ. நீ ஒத்துக்கிட்டா உங்கம்மா விண்ணப்பம் செல்லாதுன்னு கிழிச்சுப் போட்டுருவான்."

"அந்த அக்கா?"

"பாவம்தான். நல்லவங்களா இருக்காங்கன்னு நீயே சொல்ற. நல்லவங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அப்படிச் சொன்னபோது சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தியும் அன்று என்னைக் கேலி செய்யவில்லை.

அந்த வாரம் அம்மா போனில் பேசினாள். பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாளாம்.

"அந்த ஆபீஸ்ல உனக்கு ஒத்தாசையா இருந்தவங்க யாராச்சும் உண்டாடா? வெறுங்கையோட வந்து நிக்க மாட்டேன்."

"ஒரு அக்கா. தண்ணி குடுத்தாங்க."

"என்ன கலர் பிடிக்கும்னு கேட்டு வை."

கேட்கவில்லை. அந்தப் பக்கமே போகவில்லை. அக்காவின் முப்பது நாளில் இருபது நாளை இப்படித்தான் கழித்தேன். தினமும் எண்ணினேன், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். நேற்று எண்ணியபோது மீதி பத்து என்று வந்தது. கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது மாடிக்குப் போய், செட்டிங்ஸை மாற்றியது நான்தான் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"பூட்டு போடலன்னு சொல்றீங்க."

"ஆமா சார். யார் வேணா திறக்கலாம்."

"அது உண்மைன்னா, பத்தொம்பது வருஷமா நான் காவல் காத்தது திறந்து கெடந்துச்சுன்னு ஆகும். நான் இருக்கிறப்போ அது திறந்து கெடக்குமா? கெடக்காது. அப்போ நீங்க சொல்றது உண்மையா இருக்க முடியாது."

"வந்து பாருங்க சார், நாலு க்ளிக்தான்."

"நான் கம்ப்யூட்டரத் தொடுறதில்ல."

கீழே வந்து ஆய்வாளரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. "வாய்மொழியா ஒத்துக்க விதி இல்ல தம்பி. எழுத்துல குடுங்க" என்று ஓர் இடம் காட்டினார். பேசி எழுதினேன். வந்து எண்ணினார்.

"இதுல நானூத்தி முப்பத்தெட்டு தப்பு இருக்கு."

"தப்புதான் சார். அதத்தான் ஒத்துக்கிறேன்."

"தப்பத் தப்பில்லாம ஒத்துக்கணும்" என்றார் வருத்தத்தோடு. திரையில் இருந்ததை அவரே அழித்துவிட்டுப் போனார்.

இன்று காலை மறுபடி வந்தேன். நான்காம் எண் கம்ப்யூட்டர் கிடைத்தது. மூன்று புள்ளி, செட்டிங்ஸ், மொழிகள். தமிழைச் சேர்த்தேன். இந்தத் தடவை நிதானமாக இரண்டு மொழிக்கும் டிக் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு மைக்கைப் போட்டு இதையெல்லாம் முதலிலிருந்து பேசினேன். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் முணுமுணுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நடுவில், "எங்க இருக்கு அந்த மூணு புள்ளி?" என்று கேட்டார். காட்டினேன். இப்போது ஐந்திலும் ஆறிலும்கூடக் கோடு விழவில்லை. அதுவும் என் கணக்கில்தான் வரும்.

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். ஒரு கோடும் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பிரிண்ட் எடுத்து விசாரணைக் கோப்பில் வைத்துவிடுங்கள். சுத்தம் செய்யும் அக்காவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நான் பேசிக் கொடுத்த மன்னிப்பு லெட்டரை அவர் கொடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அது என்னுடையது. என் அம்மாவின் அனுமதியை ரத்து செய்யத்தான் வேண்டும் என்றால் செய்யுங்கள். பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அக்காவை வேலைக்குக் கூப்பிடுங்கள்.